ஒரு மீட்டர், இரண்டு வீடு: ஹீட்டர் வந்த பிறகு தொடங்கும் கணக்கு

சுங்கைப் பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரங்களில் தோட்டத்தை விட்டு வெளியே வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. முன்வீட்டில் அண்ணன் குடும்பம். அதன் பின்னால் பலகையும் தகரமும் வைத்து இழுத்துக் கட்டிய வீட்டில் தம்பி குடும்பம். வாசல் சுவரில் ஒரே ஒரு மின்சார மீட்டர். பில் வந்தால் ஆளுக்குப் பாதி. பல ஆண்டுகளாக யாரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

பிறகு தம்பி வீட்டில் குழந்தை பிறக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் சுடுநீர் வேண்டும். விறகு அடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சிய காலம் போய்விட்டது. கடைக்குப் போய் ஒரு வாட்டர் ஹீட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். அடுத்த மாதமே பில் ஏறுகிறது. “குழந்தைக்குத்தானேக்கா” என்கிறாள் சின்னவள். “நான் ஒன்னும் சொல்லலியே, பில்லைத்தான் காட்டினேன்” என்கிறாள் பெரியவள். அதற்குப் பிறகு இரண்டு அடுப்படிகளுக்கும் இடையிலான கதவு பெரும்பாலும் சாத்தியே கிடக்கிறது.

இதில் இருவர் மீதும் தவறு இல்லை. பிரச்சினையின் வேர் மின்கட்டணம் கணக்கிடப்படும் முறையில் இருக்கிறது. அது தெரியாமல் பாதி பாதி என்று பிரித்துக்கொள்வதால்தான் சொந்தங்களுக்குள் மனக்கசப்பு வருகிறது.

அதே ஹீட்டர், இரு மடங்கு செலவு

தீபகற்ப மலேசியாவில் 1 ஜூலை 2025 முதல் புதிய மின்கட்டண முறை நடப்பில் உள்ளது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு உற்பத்தி, கொள்ளளவு, கம்பிவழிச் செலவு எல்லாம் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு 44.43 சென். ஆனால் குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு இதிலிருந்து ஒரு கழிவு உண்டு. மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு. பயன்பாடு ஏற ஏறக் கழிவு சுருங்கும். 251 முதல் 300 யூனிட் வரை 22.5 சென், 351 முதல் 400 வரை 17 சென், 451 முதல் 500 வரை 12 சென் என்று இறங்கி, 1,000 யூனிட்டைத் தாண்டினால் கழிவே கிடையாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கழிவு வீட்டைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை, மீட்டரைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. மீட்டருக்குப் பின்னால் எத்தனை குடும்பம், எத்தனை அடுப்பு என்பது பில்லுக்குத் தெரியாது.

அண்ணன் வீடு 200 யூனிட், தம்பி வீடு 200 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மின்விசிறி, தொலைக்காட்சி, ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் உள்ள வீட்டுக்கு இது அதிகமில்லை. இருவருக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால் ஆளுக்கு 38 ரிங்கிட் 86 சென், மொத்தம் 77 ரிங்கிட் 72 சென் வரும். ஒரே மீட்டரில் 400 யூனிட் ஓடினால் பில் 109 ரிங்கிட் 72 சென். ஒரு விளக்கைக்கூடக் கூடுதலாகப் போடாமல் 32 ரிங்கிட் போய்விட்டது.

இப்போது ஹீட்டருக்கு வருவோம். குழாயைத் திறந்ததும் சுடவைத்துத் தரும் சாதாரண ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட். ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் 0.6 யூனிட். ஐந்து பேர் குளித்தால் நாளுக்கு 3 யூனிட், மாதம் 90 யூனிட். தம்பி வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்திருந்தால் 200 யூனிட் 290 ஆகி, பில் 38 ரிங்கிட் 86 சென்னிலிருந்து 63 ரிங்கிட் 60 சென்னுக்குப் போயிருக்கும். ஹீட்டரால் வந்த செலவு ஏறக்குறைய 25 ரிங்கிட்.

ஒரே மீட்டரிலோ 400 யூனிட் 490 ஆகிறது. பில் 158 ரிங்கிட் 91 சென். ஏற்றம் 49 ரிங்கிட் 19 சென். அதே ஹீட்டர், அதே தண்ணீர், அதே குளியல். செலவு மட்டும் இரு மடங்கு. பாதி பாதி என்று பிரித்தால் ஹீட்டரையே தொடாத அண்ணன் வீடு அதில் 24 ரிங்கிட் 60 சென் கட்டுகிறது. அதாவது தனி மீட்டர் இருந்தால் தம்பி தன் ஹீட்டருக்குத் தானே கட்டியிருக்க வேண்டிய முழுத் தொகையும் அண்ணன் தலையில் விழுகிறது. பில்லைக் காட்டிய அண்ணிக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. “நாங்க அவ்வளவு ஒன்னும் பயன்படுத்தலியே” என்று சின்னவள் சொல்வதும் உண்மைதான்.

இதோடு இன்னொன்றும் சேரும். 300 யூனிட்டுக்கு மேல் போகும் பில்லில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்காக 1.6 விழுக்காடு வசூலிக்கப்படுகிறது. 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம், விற்பனை சேவை வரி, எரிபொருள் விலைக்கு ஏற்ப மாறும் கட்டணம் ஆகியவையும் வரும். தனித்தனியாக இந்த எல்லைகளை நெருங்கவே நெருங்காத இரண்டு சிறிய வீடுகள், ஒரே மீட்டரில் சேர்ந்ததும், ஆளுக்கு ஓர் ஏர்கோன் மாட்டிய மாதத்திலேயே தாண்டிவிடும்.

பழைய கட்டணத்தில் இப்படி இல்லையே என்று சிலர் கேட்கலாம். அப்போதும் இப்படித்தான். 2014 முதல் 2025 ஜூன் வரை முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100 யூனிட்டுக்கு 33.4 சென், அதற்கு அடுத்த 300 யூனிட்டுக்கு 51.6 சென் என்று படிப்படியாக ஏறிய கட்டணம் இருந்தது. 200 யூனிட் பயன்படுத்திய இரு வீடுகள் தனித்தனியாகக் கட்டினால் 87 ரிங்கிட் 20 சென். சேர்ந்து கட்டினால் 128 ரிங்கிட் 60 சென். கெடாவில் தண்ணீர்க் கட்டணமும் அடுக்கடுக்காக ஏறுவதுதான். ஒரே தண்ணீர் மீட்டரை இரண்டு வீடு பகிர்ந்தாலும் இதே கதைதான்.

மூன்று விதமான பங்கீடு

மீட்டரைப் பிரிக்க முடியாத நிலையில் பில்லை எப்படிப் பங்கிடுவது? அந்த 158 ரிங்கிட் 91 சென்னையே எடுத்துக்கொள்வோம்.

பாதி பாதி என்றால் ஆளுக்கு ஏறக்குறைய 79 ரிங்கிட் 46 சென். யூனிட் கணக்கில் என்றால் 200 யூனிட் ஓட்டிய அண்ணன் 64 ரிங்கிட் 86 சென், 290 யூனிட் ஓட்டிய தம்பி 94 ரிங்கிட் 5 சென். மூன்றாவது வழி, ஹீட்டருக்கு முன்பு இருந்த பாதியை அப்படியே வைத்து, ஏற்றம் முழுவதையும் ஹீட்டர் மாட்டியவரே ஏற்பது. அப்படியானால் அண்ணன் 54 ரிங்கிட் 86 சென், தம்பி 104 ரிங்கிட் 5 சென்.

பெரும்பாலோர் யூனிட் கணக்கே நியாயம் என்பார்கள். நடைமுறைக்கு அதுவே நல்லது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணன் வீடு ஒரு யூனிட்கூடக் கூடுதலாகப் பயன்படுத்தாமலேயே 10 ரிங்கிட் அதிகம் கட்டுகிறது, ஏனென்றால் மொத்தப் பயன்பாடு ஏறியதும் இருவருக்குமே கழிவு குறைந்துவிட்டது. மூன்றாவது வழி அண்ணனுக்கு நியாயம், தம்பிக்குப் பாரம். தனி மீட்டரில் 63 ரிங்கிட் 60 சென் கட்டியிருக்க வேண்டியவர் 104 ரிங்கிட் கட்டுகிறார். எப்படிப் பங்கிட்டாலும், ஒரு மீட்டரால் இரு வீடும் சேர்ந்து இழக்கும் 56 ரிங்கிட் 45 சென் திரும்பி வராது.

குளிர் நாடுகளில் இந்தப் பிரச்சினை இதைவிடப் பெரியது. அங்கே ஒரே கொதிகலனிலிருந்து பல வீடுகளுக்குச் சுடுநீர்க் குழாய் போகும். குளிர்காலத்தில் அது இல்லாமல் வீட்டில் இருக்க முடியாது. யார் எவ்வளவு கட்டுவது என்ற சண்டை அங்கேயும் உண்டு. ஜெர்மனி 1981-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு விதி கொண்டு வந்தது. மொத்தச் செலவில் 50 முதல் 70 விழுக்காடு வரை அளவீட்டின்படி, அவரவர் பயன்படுத்தியதற்கு ஏற்பப் பிரிக்க வேண்டும். மீதியை வீட்டின் பரப்பளவு போன்ற நிலையான அளவின்படி பிரிக்க வேண்டும்.

ஏன் முழுவதையும் பயன்பாட்டின்படி பிரிக்கவில்லை? யாரும் குழாயைத் திறக்காவிட்டாலும் கொதிகலனும் குழாய்களும் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். தன் வீட்டுச் சூட்டை அணைத்துவிட்டவரின் அறைக்குள் பக்கத்து வீட்டுச் சூடு சுவர் வழியாக வந்துகொண்டும் இருக்கும். அந்த விதியில் நம் ஊருக்குப் பொருந்தும் ஒரு சுவாரசியமும் உண்டு. கட்டடத்தில் இரண்டே வீடுகள் இருந்து, அதில் ஒன்றில் உரிமையாளரே குடியிருந்தால், அவர்கள் தங்களுக்குள் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். கணக்கில் கறாரான நாடுகூட இரண்டு வீட்டு விவகாரத்தை அந்த இரண்டு வீட்டாரிடமே விட்டுவிட்டது.

அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது அளப்பது என்ற பழக்கம். ஒரே வீட்டின் முன்பகுதியும் பின்பகுதியுமாக வாழும் குடும்பங்கள் பின்பகுதிக்குச் செல்லும் கம்பியில் ஒரு துணை மீட்டர் பொருத்திக்கொள்ளலாம். மின்சாமான் கடைகளில் கிடைக்கும். பெரிய விலை இல்லை. பொருத்துவது மட்டும் பதிவு பெற்ற வயர்மேனாக இருக்க வேண்டும். டி.என்.பி. மீட்டர் படிக்கப்படும் அதே தேதியில் துணை மீட்டரையும் கைப்பேசியில் படம் பிடித்து, அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

வேலியைத் தாண்டும் கம்பி

பணக் கணக்கை விட ஆபத்தான ஒன்று இருக்கிறது. மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீட்டுக்கும், இன்னும் மின்சாரம் கிடைக்காத வீட்டுக்கும் பக்கத்து வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் கம்பி இழுத்துக் கொடுப்பது. மனிதாபிமானத்தில் செய்வதுதான். ஆனால் 1990-ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இன்னொருவருக்கு மின்சாரம் விநியோகிக்க முடியாது. வேலியைத் தாண்டிப் போகும் கம்பியைச் சட்டம் உதவியாகப் பார்க்காது.

சட்டத்தை விடுங்கள், உயிரைப் பார்ப்போம். 3.6 கிலோவாட் ஹீட்டர் ஏறக்குறைய 16 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். வீட்டில் உள்ள மூன்று முனைப் பிளக்கின் தாங்கும் அளவு 13 ஆம்பியர். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஹீட்டரை மாட்டினால் பிளக் சூடாகி உருகும், தீப்பிடிக்கும். ஹீட்டருக்கு மின்பெட்டியிலிருந்தே தனிக் கம்பி, தனி சுவிட்சு வேண்டும்.

அதைவிட முக்கியம் எர்த் கம்பி. இரண்டு முனையுள்ள மெல்லிய கம்பியை இழுத்து ஒட்டுப் போட்டு ஹீட்டர் மாட்டியிருந்தால், உள்ளே கசிவு ஏற்படும்போது அந்த மின்சாரம் போக வேறு வழி இல்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் மனிதரின் உடல் வழியாகத்தான் போகும். இதற்காகத்தான் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சு வேண்டும் என்கிறது எரிசக்தி ஆணையம். பழைய வீடுகளின் மின்பெட்டியில் பெரும்பாலும் முழு வீட்டுக்கும் சேர்த்து 100 மில்லி ஆம்பியர் சுவிட்சு ஒன்றுதான் இருக்கும். அது ஹீட்டர் கசிவிலிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றும் என்று நம்பக்கூடாது. ஆர்.சி.சி.பி. சுவிட்சில் ‘டி’ என்ற எழுத்துள்ள சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்தினால் மின்சாரம் துண்டாக வேண்டும். துண்டாகாவிட்டால் அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிட வேண்டும்.

இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சுவர் என்றால், ஆளுக்கொரு ஹீட்டர் மாட்டுவதற்குப் பதில் தொட்டி வைத்த ஒரே ஹீட்டரிலிருந்து இரண்டு குளியலறைக்கும் குழாய் கொடுக்கலாம். அப்போது பக்கத்து அறைக்குப் போவது மின்சாரம் அல்ல, சுடுநீர்தான். ஹீட்டரின் கம்பியும் சுவிட்சும் ஓரிடத்தில் ஒழுங்காக அமையும். குழாய் நீளம் குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நீளமான குழாயில் தங்கும் தண்ணீர் ஒவ்வொரு முறையும் ஆறி வீணாகும். பச்சைக் குழந்தைக்கு மட்டும் என்றால் ஹீட்டரே தேவையில்லை. 10 லிட்டர் தண்ணீரை 27 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க 0.15 யூனிட் போதும். கேஸ் அடுப்பில் ஒரு பானைத் தண்ணீரைக் காய்ச்சி, வாளியில் விளாவினால் முடிந்தது. ஹீட்டர் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

தனி மீட்டர் வாங்குவது எப்படி

உண்மையான தீர்வு தனி மீட்டர்தான். பலர் இது நடக்காத காரியம் என்று முயற்சி செய்வதே இல்லை. பொதுவாகத் தனி முகவரியும் தனி வாசலும் உள்ள வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் குத்தகையாளர் அல்லது வயர்மேன் வீட்டின் கம்பிகளைச் சரிபார்த்து, வேலை முடிந்ததற்கான ‘ஜி’ பாரத்தையும், சோதனை செய்ததற்கான ‘எச்’ பாரத்தையும் தர வேண்டும். அதன் பிறகு டி.என்.பி.க்கு விண்ணப்பம் போகும். அடையாள அட்டை, வீட்டு உரிமைப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வீடு வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதம் ஆகியவை தேவைப்படும். ஒப்பந்தத்துக்கு 10 ரிங்கிட் முத்திரைக் கட்டணம், அதோடு ஏறக்குறைய இரண்டு மாத பில் அளவுக்கு முன்பணம் கட்ட வேண்டும். விவரங்களுக்கு 1-300-88-5454 என்ற டி.என்.பி. எண்ணுக்கு அழைக்கலாம். கூலிம் ஹைடெக் பார்க் பகுதிக்குள் வசிப்பவர்களுக்கு மின்சாரம் தருவது நூர் பவர். அவர்கள் அங்கேதான் விசாரிக்க வேண்டும்.

செலவு பயந்து நிற்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மேலே சொன்ன கணக்கில் இரு வீடும் சேர்ந்து மாதம் 56 ரிங்கிட் மிச்சப்படுத்துகின்றன. ஓர் ஆண்டுக்கு 677 ரிங்கிட். முன்பணமும் தொலைந்து போவதில்லை, கணக்கை மூடும்போது திரும்பக் கிடைக்கும்.

வறிய குடும்பங்களுக்குத் தனி மீட்டர் இன்னும் அவசியம். இ-காசே பட்டியலில் பரம ஏழைகளாகப் பதிவு பெற்றவர்களுக்கு அரசாங்கம் 2019 முதல் மாதம் 40 ரிங்கிட் வரை மின்கட்டணக் கழிவு தருகிறது. அது மின்சாரக் கணக்கில்தான் கழிக்கப்படும். 200 யூனிட் பயன்படுத்தும் வீட்டின் பில் 38 ரிங்கிட் 86 சென் என்று பார்த்தோம். தகுதியுள்ள குடும்பத்துக்குத் தனி மீட்டர் இருந்தால் கையிலிருந்து ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. சொந்தக்காரர் பெயரில் உள்ள மீட்டரில் ஒட்டிக்கொண்டு இருந்தால் பாதியைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

தோட்டத்தில் இன்னும் குடியிருப்பவர்களின் நிலை வேறு. 1990-ஆம் ஆண்டின் 446-வது சட்டம், தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்வது, தோட்டத்து வீடுகளுக்கு இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய்த் தண்ணீர் தருவதையும் போதிய மின்சாரம் தருவதையும் முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. மாலையில் ஜெனரேட்டர் ஓடி இரவில் நின்றுவிடும் காலத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு இந்த வரியின் அருமை தெரியும். சில தோட்டங்களில் நிர்வாகம் மொத்தமாக மின்சாரம் வாங்கி, வீட்டுக்கு வீடு துணை மீட்டர் வைத்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறது. அங்கே தொழிலாளர்கள் கேட்க வேண்டியது இரண்டு. என் வீட்டு மீட்டரில் இந்த மாதம் எத்தனை யூனிட், ஒரு யூனிட்டுக்கு என்ன விலை போட்டிருக்கிறீர்கள்? சம்பளச் சீட்டில் வெறும் ‘மின்சாரம்’ என்று ஒரு தொகை மட்டும் இருந்தால் அது கணக்கு ஆகாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளப் பிடித்தங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. சட்டம் அனுமதிக்காத பிடித்தம் செல்லாது. பொதுவாக மொத்தப் பிடித்தமும் மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. சந்தேகம் இருந்தால் மூன்று மாதச் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு சங்கப் பொறுப்பாளரையோ அருகிலுள்ள தொழிலாளர் இலாகா அலுவலகத்தையோ பார்க்கலாம்.

இரட்டை வீடுகளில் ஒரு பக்கத்தார் வெளியேறிய பிறகு, அந்தப் பக்கத்துக் கம்பியும் இந்தப் பக்கத்து மீட்டரிலேயே ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு. சோதிப்பது எளிது. வீட்டில் எல்லா சுவிட்சுகளையும் அணைத்து, ஐஸ்பெட்டியின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள். எண் அல்லது சிவப்பு விளக்கு அப்போதும் ஓடினால், உங்கள் மீட்டருக்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்று மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. வயர்மேன் வரும்வரை கம்பியை நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டாம்.